ஒரே தாளில் இரண்டு பக்கம்

உயிலைத் தைப்பதற்காக அவள் நூலில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது மகன் உள்ளே வந்தான். தோள்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"இதை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். மீட்டிங்ல இருக்கேன், சரிசரின்னே. அந்தச் சரிதான் இது."

மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த, ஓய்வுபெற்ற நூலகர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். சிரிப்பை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

பல்கலைக்கழகத்தின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே இருந்தது அந்தக் கட்டடம். கீழே பைண்டிங் கடை, மேலே அவள் குடியிருக்கும் இரண்டு அறைகள். கணவர் இறந்தபோது மகனுக்கு எட்டு வயது. "கடையை மூடிடு" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. மூடவில்லை. முப்பத்தாறு வருடங்களாக அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் அவள் கையால் தைத்து, அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து அச்சிட்டவை. எண்பதுகளின் பூச்சி ஆராய்ச்சி முதல் போன மாதத்துக் கடல் அரிப்பு வரை, பக்கம் சரிபார்க்கிற சாக்கில் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறாள். பத்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவள்.

"கேட்டுக்கு எதிர்ல ரெண்டு மாடி," என்றான் மகன். "அதைப் போய் யூனிவர்சிட்டிக்கு எழுதி வைக்கிறே. அவங்களுக்கு என்ன குறைச்சல்?"

"உனக்கு என்ன குறைச்சல்? சொந்த வீடு இருக்கு, நல்ல சம்பளம் இருக்கு. உன் பொண்டாட்டி உன்னைவிட நல்லாச் சம்பாதிக்கிறா."

"நான் காசுக்காகப் பேசலைம்மா. இதை வித்துட்டு எங்களோட வந்து இருன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன்? நீ என்னடான்னா, உன்னை உள்ளேயே விடாத இடத்துக்குத் தூக்கிக் கொடுக்கிறே."

"அதுக்குத்தான் கொடுக்கிறேன்."

அவன் நூலகர் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"உங்கம்மாகிட்டயா? முப்பது வருஷமா ஒண்ணு சொல்லணும்னு பாக்கிறேன். அதுக்கே இன்னும் வாய் வரலை," என்று அவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார்.

அவள் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமானாள். முதல் தடவையிலேயே கோத்துவிடுகிறவள்தான். அன்று மூன்று தடவை ஆனது.

அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் மாணவர்களும் ஆசிரியர்களும் மட்டுமே போகலாம். மகன் அங்கே படித்த நான்கு வருடங்களில் ஒரே ஒருமுறை, "உன் கார்டுல எனக்கு ஒரு புத்தகம் எடுத்துட்டு வர்றியா?" என்று கேட்டாள். "அது என் பேர்ல இருக்கும்மா. பசை கிசை பட்டுட்டா ஃபைன் போடுவாங்க," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். ஆய்வேடு வாங்க வந்திருந்த நூலகர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரத்திலிருந்து நூலகத்துப் புத்தகங்கள் பழுதுபார்க்க வரத் தொடங்கின. வாரம் இரண்டு, சில வாரம் மூன்று. நாவல், பயணக் கட்டுரை, நட்சத்திரங்களைப் பற்றிய தடித்த புத்தகம். முதல் நான்கைந்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பழசாகிக் கிழியும் அட்டை மூலையில்தான் முதலில் கிழியும். இவை எல்லாம் நடுவில், ஒரே அளவில் கிழிந்திருந்தன. புத்தகத்தை மனசார நேசிக்கிற ஒரு மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்காத இடமாகப் பார்த்துக் கிழித்த கிழிசல்கள். அவள் வாசித்து முடித்து, முன்னைவிட உறுதியாக ஒட்டித் திருப்பி அனுப்பினாள். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

முப்பத்தொரு வருடம் அந்த நூலகத்தின் சாவியை வைத்திருந்தவரை, ஓய்வுபெற்ற மறுநாள் காலையில் காவலாளி வாசலிலேயே நிறுத்தினான். "கார்டு காலாவதி ஆயிடுச்சு சார்." நேராக இந்தக் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தவர், ஆறு வருடமாக இங்கேதான் பேப்பர் படிக்கிறார். உயில் எழுதினால் அதில் ஒரு நிபந்தனை வைக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குள் முளைத்தது அன்றைக்குத்தான்.

பத்து மணிக்கு வக்கீலும் பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவு அதிகாரியும் சேர்ந்தே வந்தார்கள். இருவரும் பெண்கள். வக்கீலின் ஆய்வேட்டையும் ஒரு காலத்தில் இவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள். அதிகாரி சின்னப் பெண், நல்ல மரியாதைக்காரி. முக்காலி, பெஞ்சு எல்லாம் நிரம்பியிருந்ததால் அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"அம்மா, துணைவேந்தர் ரொம்ப சந்தோஷப்பட்டார். புதுக் கட்டடத்துல கல்வெட்டு வைக்கலாம்னு சொன்னார். உங்க பேரு, உங்க வீட்டுக்காரர் பேரு ரெண்டும்."

"கல்வெட்டை விடும்மா. கண்டிஷனுக்கு என்ன சொன்னார்?"

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். நூலகத்தின் கீழ்த்தள வாசிப்பறை, தினமும் மாலை மூன்று மணி நேரம், யாருக்கு வேண்டுமானாலும் திறந்திருக்க வேண்டும். என்ன படித்திருக்கிறாய், என்ன வேலை செய்கிறாய் என்று வாசலில் யாரும் கேட்கக் கூடாது. இதற்குச் சம்மதமில்லை என்றால் கட்டடம் நகர நூலகத்துக்குப் போய்விடும்.

"கண்டிஷன் தப்புன்னு யாரும் சொல்லலைம்மா," என்றாள் அதிகாரி. "உயிலுக்குள்ள வேண்டாம்னுதான் சொல்றாங்க. அதைத் தனியா ஒரு விருப்பக் கடிதமா எழுதி உயிலோட வச்சிடுங்க. கண்டிப்பா மதிப்பாங்க."

அவள் வக்கீலைப் பார்த்தாள். "மதிச்சே ஆகணுமா?"

"இல்லைம்மா. கடிதம்னா மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம்."

அவள் எழுந்து, அலமாரியிலிருந்து தைத்து முடித்து இன்னும் அட்டை போடாத ஓர் ஆய்வேட்டை எடுத்தாள். ஓர் ஓரத்தில் மாணவன் கடைசி நேரத்தில் கொண்டுவந்து செருகியிருந்த தனித்தாள் ஒன்று இருந்தது. அதை இரண்டு விரலால் இழுத்தாள். சத்தமே இல்லாமல் கையோடு வந்தது.

"முப்பத்தாறு வருஷமாப் பாக்கிறேன். தனித்தாளா கொடுத்தது எதுவும் தங்கினதில்லை. தங்காதுன்னுதானே எங்ககிட்ட தைக்கக் கொடுக்கிறாங்க."

இதைக் கொடுக்கத்தான் வந்தவள்போல, அதிகாரி பையிலிருந்து சின்ன உறை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே வழவழப்பான அட்டை. பல்கலைக்கழக முத்திரை, அவளுடைய புகைப்படம், கீழே 'கௌரவ வாசகர், ஆயுள் முழுவதும்'.

"இன்னைக்கு சாயந்தரமே நீங்க உள்ளே போகலாம்மா. எத்தனை புத்தகம் வேணும்னாலும் எடுக்கலாம்."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அட்டையை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். எந்த அட்டையைக் கையில் எடுத்தாலும் செய்வதுதான், ஆனால் இதை வழக்கத்தைவிட நெடுநேரம் தடவினாள். மகன் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லேமினேஷன் நல்லாப் போட்டிருக்காங்க," என்று சொல்லி, அதை உறைக்குள் போட்டு அதிகாரியின் மடியில் வைத்தாள். "எல்லாருக்கும் கதவு திறக்கட்டும். அப்புறம் எனக்குக் கார்டே தேவைப்படாது."

"அம்மா, உயில்னா உங்க காலத்துக்கு அப்புறம்தானே. நீங்க உள்ளே போகவே முடியாமப் போயிடுமே," என்றாள் அதிகாரி.

"போகாட்டி என்ன? அவங்க என்னை வெளியே நிறுத்தினது பழக்கமாயிடுச்சு. அவங்களை நான் நிறுத்துறது இப்பதான் முதல் தடவை. நல்லாத்தான் இருக்கு."

அவள் உயிலை முன்னால் இழுத்து வைத்தாள். வக்கீல் அவள் கேட்டபடி, முணுமுணுத்துக்கொண்டேதான், பெரிய தாள் இரண்டில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தாள். எட்டுப் பக்கம் ஆயிற்று. மடிப்பில் ஐந்து துளை குத்தி, தைத்து, முடிச்சை உள்ளே வைத்து இறுக்கினாள்.

"பாரும்மா," என்று அதிகாரியிடம் நீட்டினாள். "கட்டடத்தைக் கொடுக்கிறது ரெண்டாம் பக்கம். கண்டிஷன் ஏழாம் பக்கம். ரெண்டும் வெளித்தாள்தான், ஒரே தாள். ஏழாம் பக்கத்தை எவனாவது கிழிச்சா ரெண்டாம் பக்கமும் கழண்டு கீழே விழுந்துடும்."

"சட்டப்படி இதெல்லாம் தேவையே இல்லை," என்றாள் வக்கீல்.

"சட்டத்துக்கு நீ இருக்கே. தாளுக்கு நான் இருக்கேன்."

எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு நூலகர் முதலில் போட்டார். இரண்டாவது சாட்சியாக அவள் நினைத்திருந்தது பக்கத்து ஸ்டேஷனரிக்காரரை. கூப்பிட்டதற்கு அவர் கடை வாசலில் நின்றபடியே கையைப் பிசைந்தார். "அக்கா, யூனிவர்சிட்டி ஆர்டர்லதான் என் பொழைப்பே ஓடுது. என்னை இதுல மாட்டி விட்டுடாதீங்க."

"சரி, போ," என்றாள் அவள். கோபம் இல்லை. ஆனால் முதல்முறையாக அவள் குரல் இறங்கியது.

அதிகாரி எழுந்தாள். "அப்போ இன்னொரு நாள் வச்சுக்கலாமா? இடையில யோசிச்சும் பாக்கலாம்."

"சாட்சி யார் வேணும்னாலும் போடலாமா?" என்று மகன் வக்கீலிடம் கேட்டான்.

"உயில்ல எதுவும் கிடைக்காதவங்கதான் போட முடியும்."

"அப்ப என்னைவிடத் தகுதியான ஆளு இந்தத் தெருவுலயே கிடையாது."

நூலகரின் செய்தித்தாள் மறுபடி உயர்ந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "பரிதாபப்பட்டுப் போடாதே. அது வேண்டாம் எனக்கு."

"பரிதாபம் இல்லைம்மா." அவன் தோள்பையை இறக்கித் தரையில் வைத்தான். "நான் ஃபைன் போடுவாங்கன்னு சொன்னேன்ல. அந்த நாலு வருஷத்துல நான் அந்தக் கார்டுல எடுத்தது மொத்தமே மூணு புத்தகம். உன்கிட்ட கொடுத்திருந்தா நூலகத்தையே காலி பண்ணியிருப்பே."

அவள் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஏழாம் பக்கத்தைப் படிச்சுட்டுப் போடு. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது."

அவன் நின்றபடியே முழுவதும் படித்தான். பிறகு போட்டான்.

அதிகாரி போன் எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்தாள். ஏழாம் பக்கம் வந்ததும், தன்னையறியாமலோ என்னவோ, அதன் ஓரத்தை லேசாக இழுத்துப் பார்த்தாள். தையல் அசையவில்லை. அவள் நிமிர்ந்தபோது பைண்டிங் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல, நல்லா இழு. துணைவேந்தர்கிட்டயும் இழுத்துப் பாக்கச் சொல்லு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உறையைப் பையில் போட்டுக்கொண்டு, "அவர்கிட்ட நான் என்னம்மா சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"தைச்சாச்சுன்னு சொல்லு."

அட்டை ஒட்டி முடித்ததும் உயிலை அழுத்துப் பலகைகளின் நடுவில் வைத்தாள். மேல் திருகைச் சுற்ற நூலகரும் மகனும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். மகன் விலகிக்கொண்டான். நூலகர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, போதுமா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"போதாது," என்று அவர் கைமேல் தன் கையையும் வைத்தாள். "இன்னும் ஒரு சுத்து."