பாடத்தில் இல்லாத மிளகு

எங்கள் அண்ணியின் நாக்குக்கு விலை நூற்றுக்கு எட்டு.

விலை போட்டது நான் இல்லை. எங்கள் கடைக்குச் சரக்குப் போடும் ஏஜெண்டுகள். அண்ணன் மட்டும் மேஜையில் உட்கார்ந்தால் ஒரு விலை. அண்ணி கரண்டியோடு வந்து உட்கார்ந்தால், வாயைத் திறக்கும் முன்பே அதில் நூற்றுக்கு எட்டு இறங்கிவிடும். எல்லாம் பயம்தான். ஒருமுறை ஒரே ஒரு வாய் சூப் குடித்துவிட்டு, "வெங்காயம் நேத்தே நறுக்கினது. அதே கத்தியில முன்னாடி எலுமிச்சை வெட்டியிருக்காங்க" என்றார். விற்க வந்தவர் வெளியே போய்த் தொழிற்சாலைக்குப் போன் போட்டுக் கேட்டார். திரும்பி வந்தவர் தானாகவே விலையைக் குறைத்தார். பேரம் பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போன குடும்பம் எங்களுடையது. பேசாமலே விலையை இறக்கும் வித்தையை அண்ணியிடம்தான் பார்த்தேன். பார்த்த ஒவ்வொரு முறையும் வாயைப் பிளந்தேன்.

அந்த நாக்கு எட்டு மாதமாகப் படுத்துக் கிடந்தது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கையோடு கொண்டுபோனது. குழம்பு வெந்நீர் மாதிரி இருக்கிறது, ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். அதைச் சொல்ல ஃபீசும் வாங்கினார். ஒருநாள் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருக்க, அவர் முதுகுக்குப் பின்னால் பால் தீய்ந்து பாத்திரம் கறுத்துப்போனது. மாடியிலிருந்து நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தோம். "எதுக்கு இப்படி ஓடி வர்றீங்க?" என்று கேட்டார். காரணம் தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு, சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்ப்பதே இல்லை.

வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் எட்டு போய்விடும் என்பது ஒரு பக்கம். ஏஜெண்டுகள் அவரைப் பார்க்கிற பார்வையும் போய்விடும் என்பது இன்னொரு பக்கம். அதைத்தான் அண்ணியால் தாங்க முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். ஏஜெண்ட் வருமுன்பே சாம்பிள் வந்துவிடும்; அதைக் காலையிலேயே நான் தின்று பார்த்து, அண்ணி என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் சொல்லிக்கொடுப்பேன். மேஜைக்கு அடியில் என் கால் அவர் காலைத் தட்டினால் முகத்தைச் சுளிக்க வேண்டும்.

அன்று வந்தது ஃப்ரீசர் சாப்பாடு. கடையில் இருப்பது ஒரே ஃப்ரீசர், அதில் ஒரு வகைக்குத்தான் இடம். ஏஜெண்ட் இரண்டைக் கொண்டுவந்தார். பச்சைப் பெட்டி ஐம்பது, கறுப்புப் பெட்டி நூற்றுப் பத்து. இரண்டிலும் சோறு, கோழி, பட்டாணி, மிளகுக் குழம்பு. கறுப்புப் பெட்டியின் அட்டை கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழவென்று இருந்தது.

கடைக்குப் பின்னாலிருந்த அறையில், அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே, அண்ணன் இரண்டையும் தராசில் வைத்தார்.

"எடை ஒண்ணுதான். அறுபது ரூவா அட்டைக்கா?"

"முதலாளி, கறுப்புல கோழி ஆறு துண்டு. பச்சையில நாலு. எண்ணிப் பாத்துக்குங்க."

அண்ணன் எண்ணிப் பார்த்தார். ஆறு, நாலு. ஒரு பச்சைத் துண்டை முள்கரண்டியில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது துண்டா, துண்டுக்குத் தம்பியா?" என்றார்.

மைக்ரோவேவ் மணி அடித்தது. இரண்டையும் ஒரே மாதிரி வெள்ளைத் தட்டில் கொட்டி அண்ணி முன்னால் வைத்தேன். ஏஜெண்ட் நாற்காலி நுனிக்கு வந்தார். கைக்குட்டை வெளியே வந்துவிட்டது.

முதலில் கறுப்பு. அண்ணி மென்றார், பாடத்தை ஒப்பித்தார்: "சோறு உதிரியா இருக்கு. கோழி மெத்துனு இருக்கு. ஆனா நூத்திப் பத்துக்கு இது ஓவர்." குரலில் உயிரில்லை. ஏஜெண்ட் அதைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அடுத்து பச்சை. காலைத் தட்டினேன். "உப்பு தூக்கல், பட்டாணி குழைவு" என்பது பாடம். அண்ணி வாயில் வைத்தார். முகம் சுளிக்கவில்லை. மெல்லுவதையே நிறுத்திவிட்டார். மறுபடி தட்டினேன். காலை இழுத்துக்கொண்டார்.

"மிளகு கருகியிருக்கு" என்றார்.

பாடத்தில் மிளகே இல்லை.

காலையில் அரைப் பெட்டியைத் தின்றவன் நான். எனக்கு எந்த மிளகும் கருகவில்லை. அண்ணியைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதம் கழித்து, நன்றாகக் குனிந்து, ஊரிலிருந்து வந்தவரை அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி.

"தம்பி... மிளகை வறுக்கும்போது அடி பிடிச்சிருக்கு. அப்படியே அரைச்சுப் போட்டுட்டாங்க."

"அண்ணி?"

"ரொம்ப மோசமா இருக்குப்பா!" என்று சொல்லி இன்னொரு வாய் எடுத்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. "ஐயோ, எவ்வளவு மோசமா இருக்கு!"

அண்ணன் கையிலிருந்த முள்கரண்டி தராசில் விழுந்தது. அண்ணி கறுப்புப் பெட்டிச் சாப்பாட்டுக்குத் திரும்பி ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார். "ஏதோ இருக்கு... ரொம்ப தூரத்துல... வெண்ணெய்." பிறகு தன் உள்ளங்கையை மோந்தார். சோப்பு. ஒரு அட்டைப்பெட்டியை மோந்தார். எழுந்துபோய் அண்ணன் தோளில் மூக்கை வைத்தார்.

"என்னங்க, இது நேத்துப் போட்ட சட்டைதானே?"

"முந்தாநாள் போட்டது" என்றார் அண்ணன்.

"எட்டு மாசமா இப்படித்தானா?"

"நீ ஒண்ணும் சொல்லலையேன்னு..."

நான் எத்தனையோ சரக்கு கைமாறிப் பார்த்திருக்கிறேன். காசு கொடுக்காமல், கையெழுத்துப் போடாமல், ஒரு மனுஷி இழந்த உலகத்தை ஒவ்வொரு மோப்பமாகத் திரும்ப வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். மட்டமான பெட்டியில், எவனோ கவனமில்லாமல் கருக்கிய மிளகுக்குள் இருந்து அது வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை.

ஏஜெண்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோசம் என்று சொல்லிக்கொண்டே தட்டை வழிக்கிற வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. "அம்மா, மிளகு விஷயத்தைத் தொழிற்சாலையில சொல்லி, அடுத்த லோடுல சரி பண்ணிடறோம்..." என்று ஆரம்பித்தார்.

"தொடாதீங்க!" என்று அண்ணன் கத்தினார். "ஒரு மிளகைக்கூட மாத்தக்கூடாது. இப்படியே கருகித்தான் வரணும்."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய தோரணை. "கறுப்புல கோழி கோழியா இருக்கு. பச்சையில பேருக்குத்தான் கோழி. நல்லது கறுப்புதான், சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டு மடங்கு விலைக்கு ரெண்டு மடங்கு ருசி இல்ல. நம்மகிட்ட வர்றவங்க வேலை முடிஞ்சு பசியோட வர்றவங்க. பச்சையே போடுங்க."

"இருநூறு பெட்டி" என்றார் அண்ணன். "ஐம்பது. சரி."

சரி! எங்கள் குடும்பத்தில் முதல் விலைக்கு யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. மருந்துக்கடையில்கூட ஒருமுறை எழுந்து வெளியே போய்விட்டுத்தான் திரும்பி வருவோம். ஏஜெண்ட் மிரண்டுபோனார். குறையைச் சொல்லி விலையைக் குறைக்கிறவர், குறையே வேண்டும் என்கிறார். சொன்ன விலைக்கும் ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் அந்த மிளகில்தான் ஏதோ இருக்கிறது.

"முதலாளி, மன்னிக்கணும். போன மாசத்து விலையைச் சொல்லிட்டேன். இப்போ ஐம்பத்திரெண்டு."

பச்சைப் பொய். சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஐம்பத்திரெண்டு. எழுதிக்குங்க."

ஏஜெண்ட் பில்லைப் போட்டுவிட்டு, நாங்கள் மனம் மாறுவதற்குள் கிளம்பிவிட்டார். அண்ணி அடுக்குகளுக்கு நடுவே போய் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மோந்துகொண்டிருந்தார். அவ்வப்போது "சீ!" என்று சந்தோஷமாகக் கத்துவது கேட்டது.

நான் கணக்கு எழுத உட்கார்ந்தேன். பச்சைப் பெட்டி இருநூறு, ஐம்பத்திரண்டு வீதம், பத்தாயிரத்து நானூறு. சொன்ன விலைக்கு மேல் கொடுத்தது நானூறு. பேரத்தில் குறைத்தது ஒன்றுமில்லை. சரக்குக்கான பணம் தீர்ந்தது. மிளகுக்கு இன்னும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லை. தொகை எழுதாமல், பாக்கி என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.