பதில் சொல்லாத வாய்கள்

பல் மருத்துவமனையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது வரவேற்பு மேசைக்காரிதான். ஏழு வருடமாக மருத்துவருக்கு எதிர்ப்புறம் நின்று, நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் கிடந்தவள். கடந்த எட்டு மாதமாகத்தான் இந்தக் கிறுக்கு. ஆங்கிலம் பேச வேண்டும். அதுவும் ஏனோதானோவென்று இல்லை, உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும்.

காரணம் இருந்தது. வரவேற்பு மேசைக்காரி கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகப்போகிறாள். நாற்காலி காலி. நாற்காலி என்றால் பதவியைச் சொல்லவில்லை, நிஜ நாற்காலி, உட்காரலாம். நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அங்கே உட்காருகிறவள் போனிலும் நேரிலும் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்க வேண்டும்.

வீட்டில் பழக வழியில்லை. ஒரு வாக்கியம் ஆரம்பித்தாலே கணவர், "மகாராணி வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்க" என்பார். மகள் திருத்துகிறேன் பேர்வழி என்று மானத்தை வாங்குவாள். அப்போதுதான் நோயாளிகள் கண்ணில் பட்டார்கள். எத்தனை பேர்! எல்லோரும் ஆவென்று வாயைப் பிளந்து படுத்திருக்கிறார்கள். கன்னத்துக்குள் பஞ்சு வேறு. சிரிக்க முடியாது, திருத்த முடியாது, குறுக்கே பேச முடியாது. இதைவிட நல்ல ஆட்கள் கிடைப்பார்களா? போனில் கேட்ட பாடத்தையெல்லாம் அவர்கள் தலைமேல் கொட்டினாள். 'கம்ஃபர்டபிள்' என்ற ஒரு வார்த்தை நாக்கில் உருண்டு வருவதற்கு நாற்பது பேருடைய கடைவாய்ப்பல் தேவைப்பட்டது.

இங்கே அவளுடைய உண்மையான வேலையைச் சொல்லியாக வேண்டும். பல்லைக் குடையும்போது மருத்துவரின் கண் பல்லைத் தவிர எதையும் பார்க்காது. நோயாளியால் பேச முடியாது. வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும். அதைப் பார்த்து, "நிறுத்துங்க சார்" என்று சொல்ல வேண்டியவள் குழாய் பிடிக்கிறவள். ஏழு வருடத்தில் ஒரு கையைக்கூட அவள் தவறவிட்டதில்லை.

பரீட்சை ஒரு புதன்கிழமை வந்தது. நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடம் நோட்டுப் புத்தகத்தோடு சிகிச்சை அறைக்குள் நுழைந்து, "நீங்க பாட்டுக்கு இங்கிலீஷ்லயே பேசுங்க. நான் ஓரமா உட்கார்ந்திருக்கேன்" என்றார். படுத்திருந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். ஐம்பது வயது இருக்கும், கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன.

ஊசி போட்டாயிற்று, குடைய ஆரம்பித்தாயிற்று. சிகிச்சைக்குப் பிறகு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று அவள் மடை திறந்த மாதிரி பேசினாள். மேடத்தின் பேனா ஓடுவது கேட்டது. கடைசி வாக்கியத்தில் பாதி தாண்டியிருப்பாள், ஓட்டுநரின் இடது கை எழுந்தது.

அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். இன்னும் நாலே வார்த்தை பாக்கி, அதில் கடைசி வார்த்தை அந்தப் பாழாய்ப்போன கம்ஃபர்டபிள். முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். முடித்தாள். வார்த்தை பிசிறில்லாமல் வந்தது. அதற்குள் கை கீழே இறங்கியிருந்தது. பெரிய வலி இல்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த விரல்கள் கைப்பிடியை எப்படிப் பற்றியிருந்தன என்பதையும் பார்க்கத்தான் செய்தாள்.

"பிரமாதம். திங்கட்கிழமையிலிருந்து நீங்க வெளிய உட்காருங்க" என்றார் மேடம். எட்டு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். மனசு குதிக்கவில்லை.

ஓட்டுநர் வெளியே பெஞ்சில் இருந்தார். உதடு மரத்துத் தொங்கியது, சரியானால்தான் வண்டி எடுப்பார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீங்க கை தூக்கினதை நான் பார்த்தேன். பார்த்துட்டும் சார்கிட்ட சொல்லல. தப்பு பண்ணிட்டேன்."

அவர் வாயைக் காட்டி, பொறு என்பதுபோல் கையசைத்தார். அரை மணி நேரம் போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளே இரண்டு முறை கூப்பிட்டார்கள், "இதோ வரேன்" என்று அங்கேயே இருந்தாள்.

கடைசியில் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீங்க என் கையைப் பார்த்ததை நானும் பார்த்தேம்மா. அந்த மேடம் நோட்டுல குறிச்சுக்கிட்டே இருந்தாங்களா, சரி, ஏதோ பரீட்சைன்னு தெரிஞ்சுபோச்சு. பாதியில கெடுக்க வேணாம்னு நானே கையை இறக்கிட்டேன்."

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"வேலை கெடைச்சுதா?"

தலையை ஆட்டினாள்.

"அப்புறம் என்ன, முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு? என்ன அழகா பேசுறீங்க!"

"ரொம்ப வலிச்சுதாண்ணே?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உயிரே போயிருச்சும்மா" என்றார்.