அரை மணி நேர அவகாசம்

செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. அதனால் எங்கே போனாலும் குறை கண்டுபிடிக்கிற புத்தி ஒட்டிக்கொண்டது. தள்ள வேண்டிய கதவில் இழுக்கிற கைப்பிடியைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். "உன்கூட கடைக்கு வந்தா மானம் போகுதும்மா" என்பார் அப்பா.

அந்த அப்பா பதினோரு நாளாகச் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். அந்த மருத்துவமனையில் திட்டுவதற்கு எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கை நிறையச் சாமானோடு வருகிறவர்கள் முழங்கையால் தள்ளத் தோதாகக் கதவு. தரையில் நீலக் கோடு. அழுதுகொண்டே வந்தாலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வழி தப்பாது. யாரோ நம்மை நினைத்துச் செய்திருக்கிறார்கள். எனக்கு எரிச்சல்கூட வந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம், இனி மீள வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கருவியை எடுக்கச் சம்மதம் வேண்டுமாம். தம்பிக்குப் போன் செய்தேன்.

"ரயில்லதான் இருக்கேன்க்கா. ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன். அப்பாவ உசுரோட ஒரு தடவ பாத்துக்கறேன். அதுவரைக்கும் கையெழுத்துப் போட்டுடாத."

"போடமாட்டேன்டா. பதறாம வா."

அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த என்னிடம், சம்மதப் படிவம் திறந்திருந்த தொடுதிரை டேப்லெட் ஒன்றை நர்ஸ் கொடுத்தாள். "படிச்சு வைங்க, அவசரமே இல்ல."

ஒரு திரைக்கு ஒரே கேள்வி. பெரிய எழுத்து, சுற்றி வளைக்காத வார்த்தைகள். சம்மதத்துக்கும் மறுப்புக்கும் ஒரே அளவு பட்டன், ஒரே நிறம். தொழில் புத்தி எங்கே போகும்? அடுத்து என்ன கேட்கிறார்கள், பார்ப்போம் என்று 'சம்மதம்' தொட்டேன். கட்டத்தில் விரல் எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது என்று பார்க்கக் கையெழுத்தும் போட்டேன். ஆபீசில் நாள் முழுக்க மாதிரித் திரைகளை இப்படித்தான் தொட்டுப் பார்ப்போம். அவற்றில் யாருடைய அப்பாவும் இருக்கமாட்டார்.

'உங்கள் சம்மதம் பதிவாகிவிட்டது. அரை மணி நேரத்துக்கு எதுவும் செய்யமாட்டோம். மனம் மாறினால் இங்கே தொடுங்கள்.'

இன்னொரு தடவை படித்தேன். பட்டன் கண்ணெதிரே இருந்தது, ஒரு தொடல்தான். அப்பாவின் நெஞ்சைக் கருவி தூக்கியது, போட்டது. குழாய் அழுத்தி உதட்டோரம் வெடித்திருந்தது. மடியில் திரையை வைத்துக்கொண்டு அரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன். போதும் என்றிருந்தது. அவருக்கா எனக்கா என்றால், எனக்குத்தான்.

டாக்டர் வந்து, "உறுதிதானே?" என்றார். தலையாட்டினேன்.

தம்பி ஓடி வந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சொன்னேன்லக்கா..."

"எங்க தொட்டா என்ன ஆகும்னே புரியலடா. மாத்தறதுக்கு வழியே வைக்கல. கண்றாவியா பண்ணி வச்சிருக்கானுங்க."

அவன் நம்பினான். இந்த விஷயத்தில் அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சே கிடையாது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "விடுக்கா. உன் தப்பில்ல. இதச் செஞ்சவன் நாசமாப் போவான்."

நானும் அவனோடு சேர்ந்து திட்டினேன்.