தெர்மெல்மே என்றொரு விடுதி

மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூடாது. இந்த விதியை யாரும் யாருக்கும் கற்பிப்பதில்லை. புகுந்த வீட்டின் வாசலைத் தாண்டும்போதே அவள் அதை அறிந்துகொள்கிறாள். பெயரை மட்டுமல்ல, பெயருக்குள் ஒளிந்திருக்கும் சாதாரணச் சொல்லையும் அவள் நாவு தொடாது. அதனால் அந்த வீட்டில் அந்தப் பொருளுக்கு வேறொரு சொல் பிறக்கும். அதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் ஊரே அப்படித்தான் பேசுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

நாற்பத்திரண்டு வயதுவரை அப்படி நம்பியிருந்தவள் பெரிசாத். இதில் வேடிக்கை என்னவென்றால், பிஷ்கெக் நகரப் பள்ளியொன்றில் அவள் பூகோள ஆசிரியை.

அவளுக்கு ஆறு வயதானபோது, ஒரே ஒரு கோடையில், அவளும் அப்பா அம்மாவுமாக மூவரும் இசிக்குல் ஏரிக்கரை விடுதி ஒன்றில் பத்து நாள் தங்கினார்கள். விடுதியின் படிக்கட்டருகே நடைபாதைக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அப்பா தெமிர்கான் அந்த ஈரத்தில் தம் கையைப் பதித்தார். பக்கத்திலேயே மகளின் கையையும் பிடித்து அழுத்தினார். அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். அவர் முகம் புகைப்படங்களில் இருந்தது. கைதான் எதிலும் இல்லை. வளர்ந்துவிட்ட தன் கையை அந்தக் கையின்மேல் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது பெரிசாத்தின் ஆசை.

விடுதியின் பெயர் தெர்மெல்மே. அம்மா சூரா எப்போதும் அப்படித்தான் சொல்வாள். அம்மாவை வியப்பில் ஆழ்த்த எண்ணிப் பெரிசாத் அவளிடம் மூச்சுவிடாமல் மூன்று கோடைகள் தேடினாள். வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. கரையோர ஊர்களிலும் இல்லை. இந்த ஆண்டு பழைய விடுதிகளை ஒவ்வொன்றாக இடிக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும், வியப்பாவது ஒன்றாவது என்று அம்மாவையே காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

சோல்பொன்-அத்தா ஊரைத் தாண்டி, புகையில் வாட்டிய மீன் விற்கும் பெண்ணருகே நிறுத்தி, ரொட்டியும் மீனுமாகக் கரையில் உட்கார்ந்தார்கள். காற்று வலுத்தது.

"இன்னிக்குத் தெர்மெல்மே பெரிசு பெரிசா வருது பாரு," என்றாள் சூரா.

பெரிசாத்தின் கை ரொட்டியோடு பாதியில் நின்றது. "எதும்மா வருது?"

"அதான், தண்ணில உருண்டு உருண்டு வருதே."

அலை. உலகத்துக்கெல்லாம் அதன் பெயர் தொல்குன். அப்பாவின் அப்பா பெயர் தொல்குன்பெக். அம்மா அலையைத் தெர்மெல்மே, அதாவது 'ஆடுவது', என்று சொல்வதை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். ஆனால் ஏரியையும் விடுதியையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

"அம்மா, நாம தங்குன விடுதி பேரு தொல்குனா?"

சூரா மீனில் இல்லாத முள்ளையெல்லாம் தேடி எடுத்தாள். அந்த வீட்டில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள்.

"ஐயோ அம்மா! மூணு வருஷமா தெர்மெல்மே எங்கேன்னு ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு அலைஞ்சேன்!"

"கேட்டியா? யாருகிட்ட?"

"யாரைத்தான் விட்டேன்? ஒருத்தர் ஆடுற நாற்காலி விக்கிற கடைக்கு வழி சொல்லி அனுப்பினாரு."

சூரா சிரித்த சிரிப்பில் தலைத்துணி நழுவித் தோளில் விழுந்தது. "நீயெல்லாம் பூகோள டீச்சரா? மருமக பேச்சை எடுத்துக்கிட்டு ஊர்ல போயி யாராச்சும் வழி கேப்பாங்களாடி?"

"நீதானே அப்படிச் சொன்னே!"

"எனக்கு வேற வாய் ஏது? உங்கப்பா இருந்திருந்தா சரியாச் சொல்லியிருப்பாரு."

மீன்காரி இடையில் புகுந்தாள். "பழைய தொல்குனா? அடுத்த ஊர் தாண்டி, நெட்டை மரங்க முடியற இடம். இப்பவே போங்கம்மா. திங்கக்கிழமை இடிக்கிறாங்க."

அன்று சனிக்கிழமை. மிச்ச மீன் தாளில் சுருண்டது.

பெயர்ப்பலகை இல்லாத வாயிற்கதவில் சங்கிலி தொங்கியது. காவலர் கதிராலி நாற்காலியை விட்டு எழாமலே கையை ஆட்டினார். "உள்ள விடக் கூடாது. சின்ன வயசுல இங்க தங்கினோம்னுதான் எல்லாரும் வர்றாங்க. பாதிப் பேரு ஓசியில குளிச்சிட்டுப் போறாங்க."

"நாங்க நெசமாவே தங்கினோம் அண்ணே. இது தொல்குன் விடுதிதானே?"

"அதை நீ போன்ல பாத்திருப்பே. அக்கா சொல்லட்டும். அக்கா, இந்த இடத்துக்கு அப்ப என்ன பேரு?"

சூரா தொண்டையைச் செருமினாள். "அது… கரைக்கு வரும். வந்துட்டுத் திரும்பிப் போகும்."

"வாத்தா?"

"இல்ல தம்பி. காத்தடிச்சாப் பெரிசாகும். மேல மேல சத்தம் போடும்."

"என் பொண்டாட்டியா?"

பெரிசாத் பொறுமையிழந்து வாயைத் திறந்தாள். கதிராலி விரலை உயர்த்தி அவளை அடக்கினார். பிறகு சூராவின் சிவந்துபோன முகத்தை உற்றுப் பார்த்தவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "அக்கா… மாமனார் பேரா?"

சூரா தலையை மட்டும் அசைத்தாள்.

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா! சரி, சொல்ல முடியாதுதான்." அவர் எழுந்து சாவியைத் தேடினார். "எங்கப்பா பேரு கோசுபெக். என் பொண்டாட்டி முப்பது வருஷமா கோசுவை, அதான் ஆட்டுக்குட்டியை, 'ஆட்டோட பிள்ளை'ன்னுதான் சொல்றா. சந்தையில எல்லாம் சிரிக்கிறாங்க. போன்ல பாத்தவங்க பேரைப் பட்டுனு சொல்லிடுவாங்க. இப்படி முழிக்கிறவங்கதான் நெசமாத் தங்கினவங்க. வாங்க."

சங்கிலி அவிழ்ந்தது.

படிக்கட்டருகே களையும் மணலும் மூடிக் கிடந்தன. கதிராலி துடைப்பத்தால் தள்ளத் தள்ள, முதலில் ஒரு சின்னஞ்சிறு கை வெளிப்பட்டது. பிறகு அதன் பக்கத்தில், சுண்டுவிரல் சற்றே வளைந்த பெரிய கை. பெரிசாத் மண்டியிட்டுத் தன் கையை அதன்மேல் வைத்தாள். சிமெண்ட் வெயிலில் சூடாக இருந்தது. அவள் விரல்களுக்கு வெளியே ஒரு நகத்தின் அகலம்தான் மிஞ்சியது.

"அப்பா கை இவ்வளவுதானா! கரடிக் கை மாதிரி நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"முப்பத்தோரு வயசுப் பையன் கைடி அது. இப்ப உன்னைவிடப் பதினோரு வயசு சின்னவரு."

பெரிசாத் சிரித்தாள்; கண்ணையும் துடைத்துக்கொண்டாள். கையை எடுக்க மனம் வரவில்லை. அதை வைத்தபடியே கேட்டாள். "உன் கை எங்கம்மா?"

பெரிய கையின் மறுபக்கத்தில், மூன்றாவது கைக்குரிய இடத்தில், குச்சியால் கீறிய எழுத்துகள் இருந்தன: தொல்குன்.

"என்னையும் கூப்பிட்டாரு. நான் கைத்துணியைக் கீழ வச்சிட்டு வர்றதுக்குள்ள விடுதிப் பேரைப் பெரிசா எழுதிட்டாரு. அவருக்கு எல்லாத்துலயும் அவசரம். வாயால சொல்லாத பேரு மேல கையை வைக்கிறது எப்படி? மாட்டேன்னுட்டேன். 'உன் இடத்தை எங்கப்பா புடிச்சுக்கிட்டாரு'ன்னு பத்து நாளும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

சூரா எழுத்துகளைப் பார்த்தாள். துடைப்பத்தில் சாய்ந்து நின்ற கதிராலியைப் பார்த்தாள். ஏரியில் அலைகள் வந்து வந்து போயின. தலைத்துணியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, சிமெண்டின்மேல் குனிந்து, வெளிவாசல் வரை கேட்கும் குரலில் சொன்னாள்:

"தொல்குன்பெக் மாமா! கொஞ்சம் தள்ளி உக்காருங்க. முப்பத்தாறு வருஷம் என் புருஷன் பக்கத்துல நீங்க இருந்துட்டீங்க. இப்ப நான் கை வைக்கணும்."