பேண்ட் சொன்ன சீட் உயரம்

எண்பத்து மூன்றாம் வருஷம், சாரல் காலம். குற்றாலத்துக்குச் சைக்கிளிலேயே போய்வருவேன் என்று கிளம்பியவன், பாதி வழியில் கடையநல்லூரில் இறங்கிவிட்டேன். அதற்கு மேல் சீட்டில் உட்கார முடியவில்லை. கண்டக்டர் அண்ணாச்சி சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிக் கட்டினார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் சங்கரன்கோவில் வரை நின்றுகொண்டேதான் வந்தேன்.

மறுநாள் பக்கத்துத் தறி ஓட்டுகிற பிச்சையா விடவில்லை.

“ஏலே, சைக்கிள ஓட்டச் சொன்னா, அதுக்கு டிக்கெட் எடுத்துல்லா கூட்டிட்டு வந்திருக்க.”

“அடுத்த லீவுக்குப் போயிருவேன்ல.”

“போகலன்னா சைக்கிள எனக்குத் தந்துரு. நான் மார்க்கெட்டுக்காவது போவேன்.”

“தாரேன்” என்றேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னதால் நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

சீட் கல்லாக இருக்கிறது, மெத்தை போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்களுக்குப் பஞ்சமில்லாதது வேஸ்ட் நூல்தான். ஓர் உறை தைத்து, அதில் நூலைத் திணித்துச் சீட்டில் கட்டினேன். சாயங்காலம் கரிவலம்வந்தநல்லூர் வரை ஓட்டிப் பார்த்தேன். போகும்போது சுகம். திரும்பும்போது எரிச்சல். மறுநாள் இன்னும் கொஞ்சம் திணித்தேன், எரிச்சல் கூடியது. இன்னும் திணித்தேன். என் உடம்புக்குத் தூரம் ஒத்துவராது போல என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தோன்றியது. சைக்கிள் கைவிட்டுப் போவதைவிட அது கஷ்டமாக இருந்தது.

லீவுக்கு முந்தின நாள் தங்கச்சி பூமாரி என் பேண்டைத் தைக்க எடுத்தாள். துணியில் இழை அறுந்த இடத்தை விரலாலேயே கண்டுபிடிக்கிறவள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அண்ணே, நீ சீட்ல உக்காருதியா, ஊஞ்சல் ஆடுதியா?”

“ஏன்ட்டி?”

“உக்காருத எடம் புதுசாட்டம் இருக்கு. தொடைக்கு உள்பக்கந்தான் ரெண்டு காலுலயும் ஒண்ணுபோல தேஞ்சிருக்கு. கால் எட்டாம அங்கிட்டும் இங்கிட்டும் சரிஞ்சிருக்க.”

சைக்கிளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி ஏறிப் பார்த்தேன். பெடல் கீழே போனபோது கட்டைவிரல் நுனிதான் தொட்டது. ஏற்கெனவே சீட் உயரம். அதற்கு மேலே நான் கட்டிய மெத்தை. உறையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஸ்பேனரால் சீட்டை மூன்று விரல் இறக்கினேன்.

விடிந்ததும் கிளம்பினேன். சீட் அதே கல்தான். கடையநல்லூரில் டீ குடிக்க இறங்கியபோது அதே கண்டக்டர் அண்ணாச்சி, பஸ் ஏணியைக் காட்டினார்.

“ஏத்தணுமா தம்பி?”

“வேண்டாம் அண்ணாச்சி. திரும்பி வரும்போதும் வேண்டாம்.”

குற்றாலம் இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. டீயை வாங்கிக்கொண்டு, கடை வாசலில் கிடந்த பலகைப் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தேன்.