தளபதி இடிமூக்கன்

சீனத் தலைநகரான சாங்கானின் அரண்மனையில் பேரரசரின் சண்டை வாத்துகளைப் பார்த்துக்கொண்டவன் கூ ஷிலாங். அவற்றில் இடிமூக்கன் என்ற கிழட்டு வாத்துதான் பேரரசருக்கு உயிர். பேரரசருக்கு வயது பத்தொன்பது. மாகாண ஆளுநர்கள் வரி அனுப்புவதை நிறுத்தி எட்டு வருஷமாகியும் அவர் அலட்டிக்கொண்டதில்லை. இடிமூக்கன் ஒருவேளை தவிட்டைத் தொடாவிட்டால்தான் வைத்தியருக்கு ஆள் போகும்.

கலகக்காரர்கள் கணவாயைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்த காலையில், தப்பி ஓடுவதற்குக் குதிரைகள் தயாராக நின்றன. வாத்தில்லாமல் கிளம்ப மாட்டேன் என்று பேரரசர் அடம்பிடித்தார். மூன்று மந்திரிகளும் நாற்பது காவலர்களும் தாமரைக்குளத்தைச் சுற்றி ஓடினார்கள். நிதி மந்திரி சேற்றில் குப்புற விழுந்தார். இடிமூக்கன் குளத்தின் நடுவே போய் மிதந்துகொண்டிருந்தது.

கடைசியில் பேரரசரை வலுக்கட்டாயமாகக் குதிரையில் ஏற்றிவிட்டு, அரண்மனைத் தலைமை அதிகாரி பெங் ஹுவாய் ஷிலாங்கின் காதைப் பிடித்தார். "நாங்க கெளம்புறோம், நீ இங்கயே கெட. வாத்துக்கு ஏதாவது ஆச்சு, உன் தலை இருக்காது."

"சரிங்கய்யா. கலகக்காரங்க வந்து தலைய எடுத்துட்டா?"

"அது உன் பாடு."

சாயங்காலம் கலகத் தலைவன் ஷாங் பாவ் வந்து சேர்ந்தான். பன்றி வியாபாரம் செய்தவன். சிம்மாசனத்தில் உட்காரப் போன நேரத்தில் இடிமூக்கன் ஓடிவந்து அவன் தொடையைக் கவ்வியது. ஷிலாங் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஷாங் பாவ் தொடையைத் தேய்த்தபடி சிரித்தான். "இந்த ஊர்லயே எங்கள எதிர்த்து நின்னது இவன் ஒருத்தன்தான்யா." அங்கேயே இடிமூக்கனை இடப்படைத் தளபதியாக்கி, அதன் கழுத்தில் சிவப்புப் பட்டுத் துணியும் கட்டிவிட்டான்.

எட்டு மாதத்தில் கலகக்காரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு ஓடிப்போக, பேரரசர் திரும்பி வந்தார். பட்டுத் துணி ஏது என்று கேட்டார். ஷிலாங் உள்ளதைச் சொன்னான்.

பேரரசரின் முகம் சுண்டிப்போனது. "பன்னி விக்கிறவனே தளபதி ஆக்கிருக்கான். நான் மட்டும் என்ன கொறைஞ்சா போயிட்டேன்?" இடிமூக்கன் மூன்று மாகாணங்களுக்கு ஆளுநரானது. மந்திரிகள் தினமும் காலையில் அதை வணங்க வேண்டியிருந்தது. அதிகமாகக் குனிந்தவர்களின் மூக்கு வீங்கியது.

இரண்டு வருஷம் கழித்து அரசு மரியாதையோடு இடிமூக்கனைப் புதைத்தார்கள். காலியான பதவிக்கு மறுநாளே பதினேழு பேர் மனுப் போட்டு, கடைசியில் அது நிதி மந்திரிக்குக் கிடைத்தது. அவருடைய ஆணைகளை அந்த மூன்று மாகாணங்களில் ஒருவரும் பிரித்துக்கூடப் படிக்கவில்லை.

ஷிலாங் மனுப் போடவில்லை. பெண்டாட்டியின் ஊருக்குப் போய்ச் சந்தையில் எள்ளு ரொட்டி சுட்டு விற்றான். அந்த அரச வம்சம் முடிந்துபோன செய்தி வந்த அன்று கடையில் நல்ல கூட்டம். நிமிர்ந்து பார்க்க அவனுக்கு நேரமில்லை.