பிடரிச் சுழி

வாசல் காவலர் பெரியவனின் சட்டைப்பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே விட்டார். முடிதிருத்துகிறவன் கத்தரிக்கோல் இல்லாமல் வெளியே வருவது சட்டை இல்லாமல் வருவது மாதிரி. ஆனாலும் நீதிமன்றம் நீதிமன்றம்தானே.

வழக்குப் போட்டவன் தம்பி. அப்பா விட்டுப்போன கடையைப் பிரித்துக் கேட்டிருந்தான். இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்த நீதிபதி, சமரச மையத்துக்கு அனுப்பிவிட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் தம்பி. பெரியவன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தான். முடி காதை மூடியிருந்தது. அவன் திரும்பியபோது பிடரிச் சுழியில் வால் முளைத்திருப்பது தெரிந்தது. சண்டைக்குப் பிறகு எவனும் அதைத் தொடவில்லை. பெரியவன் தலையும் அதே லட்சணம்தான். ஊருக்கெல்லாம் வெட்டலாம், தன் பிடரியைத் தானே வெட்ட முடியாது. மீசை முளைத்த நாளிலிருந்து ஒருவருக்கு ஒருவர்தான் வெட்டிவிடுவார்கள்.

"நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்," என்றார் சமரசம் செய்ய வந்த வக்கீலம்மா. "முடிவு உங்களோடது. ஒத்துவரலைன்னா வழக்கு பழையபடி கோர்ட்டுல நடக்கும். தனித்தனியாவும் பேசுவேன். அதுல சொல்றத, நீங்க சரின்னு சொன்னாத்தான் அடுத்தவர்கிட்ட சொல்வேன்."

"இவன் கதை பேசியே வர்றவங்கள விரட்டுவான் மேடம்," என்றான் பெரியவன்.

"வாயத் தெறக்காம வெட்டறதுக்கு அது என்ன ஆபரேஷன் தியேட்டரா?"

வக்கீலம்மா அவசரமாகத் தண்ணீர் குடித்தார். பிறகு தம்பியைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"ஜன்னலோர நாற்காலி."

"அப்புறம்?"

பெரியவன் மேசையின் கீறலைத் தடவினான். "அவன் தலைய நான் வெட்டணும். சுழி தெரியாதவன் கை வச்சா சேவல் வால் மாதிரி நிக்கும்."

"தலைமுடியத்தானே சொல்றீங்க?"

"ஆமா மேடம்."

"அவர்கிட்ட சொல்லலாமா?"

"வேணாம். நாற்காலிய மட்டும் சொல்லுங்க."

அவர் போனதும் சுவருக்கு அப்பாலிருந்து தம்பியின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும். கடையில் இப்போது ரேடியோதான் பேசுகிறது. எவனாவது கிறுக்குத்தனமாக ஏதாவது சொன்னால், பெரியவனின் கழுத்து இன்னும் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிவிடுகிறது. அங்கே யாரும் இருப்பதில்லை.

வக்கீலம்மா திரும்பி வந்தார். "ஜன்னலோர நாற்காலி உங்களுக்கே. நடுவுல தட்டி, தனித்தனி வாசல். சம்மதம்ங்கறாரு."

கேட்டது கிடைத்துவிட்டது.

"வேற எதுவும் சொன்னானா?"

"சொல்லியிருந்தாலும் அவர் சரின்னு சொல்லாம நான் சொல்ல முடியாதே."

பெரியவன் எழுந்தான். "அவன வரச் சொல்லுங்க. நானே பேசிக்கறேன்."

தம்பி வந்து உட்கார்ந்தான்.

"பிடரி கண்ராவியா இருக்குடா."

"உன்னோடது மட்டும்? பாய் விரிச்சுப் படுக்கலாம் அண்ணே."

வக்கீலம்மா பேனாவை எடுத்தார்.

"இத ஒப்பந்தத்துல எழுதணுமா?" என்றார் வக்கீலம்மா.

"வேணாம்," என்றார்கள் இருவரும்.

"தட்டி எவ்வளவு உயரம்?" என்றார் அவர்.

தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உக்காந்திருக்கறவங்களுக்கு மறைச்சாப் போதும்."

வக்கீலம்மா எழுதிக்கொண்டார். பெரியவன் குனிந்து கையெழுத்துப் போட்டான். கடையில் வேலை செய்யும்போது அவர்கள் இருவரும் உட்கார்ந்ததே கிடையாது.

வாசலில் காவலர் இரண்டு கத்தரிக்கோல்களை நீட்டினார். "எது யாரோடது?"

தம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். பெரியவன் பின்னால், கண் அந்தச் சுழியிலேயே, விரல் கத்தரிக்கோலிலேயே. கடை இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் அவனுக்கு அது ரொம்பத் தூரமாகத் தெரிந்தது.